கோட்டை வாங்கப் போறியாலே?

ஏலே தம்பி, செம்பூர்ல ஃபிளாட் புக் பண்ணப் போறியாமே. கேள்விப்பட்டேன். அந்த நோட்டீசையும் பாத்தேன். நல்ல வழுவழுப்பான தாளு. எடைக்குப் போட்டாலே ஒரு டீ குடிக்கலாம். மூணாம் பக்கத்துல எழுதியிருக்கான், இது வீடு இல்லையாம், கோட்டையாம். வாசல்ல ரெண்டு கல் சிங்கம். தூணு எல்லாம் ரோமாபுரித் தூணு. உச்சியில பல்லு பல்லா ஒரு கைப்பிடிச் சுவரு. நாப்பதாவது மாடியில அந்தப் பல்லுக்கு நடுவுல நின்னுக்கிட்டு நீ யாரு மேலலே அம்பு விடப் போற? கீழ வார பால்காரன் மேலயா?

முறைக்காத. உக்காரு. நான் பள்ளிக்கூடத்துல ரொம்பத் தூரம் போகாதவன்தான். தோல் ஷாப்புல சோலி போன பொறவு வாட்ச்மேனா நின்னேன். குடோன் வாசல், பில்டிங் வாசல், பொறவு டவர் வாசல். ராத்திரி பத்து மணிக்கு மேல வாட்ச்மேனுக்கு என்ன சோலி? கொசு அடிக்கணும், இல்லாட்டி புஸ்தகம் படிக்கணும். பக்கத்து ரத்திக் கடையில, அதான் பழைய பேப்பர்க் கடையில, கிலோ கணக்குல புஸ்தகம் கெடக்கும். அதுல கோட்டைப் புஸ்தகம்னா எனக்கு உசிரு. ஏன்னு கேளு. எந்தக் கோட்டைக் கதைய எடுத்தாலும் ராஜா உள்ள தூங்கிக்கிட்டு இருப்பாரு. முழிச்சிக்கிட்டுக் கெடக்கவன் வாசல்காரன், நம்ம ஆளு. அதனால இந்த விசயத்துல உனக்குப் புத்தி சொல்ல என்னைய விட்டா ஆளு கிடையாது.

ஒரு கோட்டையப் பாத்தா, கட்டினவன் எம்புட்டுப் பெரிய ஆளுன்னு வாயப் பொளக்காத. எதுக்குப் பயந்து கட்டினான்னு கேளு. அவ்வளவுதான் படிப்பு. மத்ததெல்லாம் கொத்தனார் சோலி.

தூரமாப் போகவேண்டாம். நம்ம தாராவி காலா கில்லாவுக்கு வா. காலா கில்லான்னதும் உனக்கு என்ன ஞாபகம் வருது? பஸ் டெப்போ. பாத்தியா! டெப்போ தெரியும், எந்தப் பஸ் எத்தனை மணிக்குன்னு தெரியும். அந்தப் பேருக்குச் சொந்தக்காரக் கோட்டை பக்கத்துலயே கெடக்கே, அதைப் பாத்திருக்கியா? கரி புடிச்ச கருங்கல் சுவரு. சுத்திக் குடிசை, குப்பை, துணி காயுத கயிறு. சுவத்துல ஒரு கல்லு பதிச்சிருக்கு. பம்பாய் கவர்னர் ஜான் ஹார்ன் உத்தரவுல 1737-ல கட்டினதுன்னு அதுல இங்கிலீஷ்ல வெட்டியிருக்கு. சிங்கம் இல்ல, தூணு இல்ல, பூ வேலை ஒண்ணும் இல்ல. பயந்தவன் பூ வேலை செய்வானா?

அது என்ன பயம்? சொல்லுதேன். 1668-ல கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் இந்த ஊர இங்கிலாந்து ராஜாகிட்ட வாடகைக்கு எடுத்தான். வருசத்துக்குப் பத்துப் பவுண்டு, தங்கமாக் கொடுக்கணும். உன் டவர்ல ஒரு மாச மெயிண்டெனன்சைக் கேட்டா அந்த ராஜாவே மயங்கி விழுந்திருப்பாரு. அது கெடக்கட்டும். ஊரு கையில வந்துச்சு, ஆனா சுத்தி எல்லாம் அடுத்தவன் நிலம். அந்தப் பக்கம் பாந்திரா, குர்லா, தாணே எல்லாம் சேந்த சால்செட் தீவு போர்த்துகீசியன் கையில. நடுவுல சதுப்பும் உப்புத் தண்ணியும். அதனால கவர்னர் ஆங்கியர் காலத்துலயே, 1669-லருந்து 1677-க்குள்ள, சயான் குன்னு மேல ஒரு கோட்டை ஏறிருச்சு. எதுத்த கரையில எவன் அடுப்பு பத்த வச்சாலும் இங்கன இருந்து தெரியணும், அவ்வளவுதான் கணக்கு. இன்னைக்கு அங்கன போய்ப் பாரு. காவலுக்கு ஆளு இல்ல, காதலுக்கு ஆளு இருக்கு.

அப்புறம் வந்துச்சு 1737. மராத்தாப் படை சால்செட்டுல இறங்கித் தாணேயப் புடிச்சிட்டான். கம்பெனிக்காரனுக்குக் குலை நடுங்கிருச்சு. இத்தனை நாளும் பக்கத்து வீட்டுக்காரன் போர்த்துகீசியன். சண்டைக்காரன்தான், ஆனா தெரிஞ்ச சண்டைக்காரன். இப்ப வாரவன் என்ன செய்வான்னே புடிபடல. அந்த வருசந்தான் மித்தி ஆத்துக் கரையில நம்ம கருப்புக் கோட்டை எழும்புது. ரெண்டே வருசம், 1739-ல மராத்தாத் தளபதி சிமாஜி அப்பா வசாய் கோட்டையையும் எடுத்துட்டாரு. பாந்திராவுல போர்த்துகீசியன் 1640-ல கட்டின கோட்டை ஒண்ணு இருந்துச்சு. கப்பல்காரனுக்கு நல்ல தண்ணி கிடைக்குத ஊத்துக்குக் காவலா நின்ன கோட்டை. மராத்தாக்காரன் கையில சிக்கிரக் கூடாதுன்னு இங்கிலீஷ்காரன் யோசனையில அதையும் வெடி வச்சுத் தகர்த்துட்டாவ. காவலுக்குக் கட்டினதே ஆபத்தாப் போச்சு!

நம்ம காலா கில்லாவுக்கு எத்தனை வருசம் சோலி இருந்துச்சுன்னு நினைக்க? 1774 கடைசியில தாணேயக் கம்பெனிக்காரனே புடிச்சிட்டான். இக்கரையும் அவனுது, அக்கரையும் அவனுது. பொறவு யாரைப் பாத்துக் காவல் காக்க? நாப்பது வருசம் நிறையல, கோட்டைக்குச் சோலி போயிருச்சு. அதுக்கப்புறம் இருநூத்தம்பது வருசமாச் சும்மா நிக்கி. உன் ஹோம் லோன் எத்தனை வருசம்? இருபதா? சரி, சரி, சொல்லு.

சீமையில இதவிட வேடிக்கை நடந்திருக்கு. அங்க ஆதியில கோட்டைன்னா மண்ணக் குமிச்சு ஒரு மேடு, அது மேல மரத்துல ஒரு கோபுரம், சுத்தி மர வேலி. 1066-ல நார்மன்காரன் இங்கிலாந்தப் புடிச்சதும் ஊருக்கு ஊரு இதத்தான் கட்டினான். சீக்கிரம் கட்டலாம், செலவு கம்மி. ஆனா மரம் உளுக்கும், தீப்பிடிக்கும். சரி, கல்லுக்கு மாறினான். சதுரமா, உசரமா, சுவரு பத்தடி பதினஞ்சடி கனத்துல. இனி எவன் என்ன செய்ய முடியும்னு மீசைய முறுக்கினான்.

என்ன செஞ்சாம் தெரியுமா? பன்னிய வச்சு உடைச்சாம்லே! நிசமாத்தான். 1215-ல ஜான்னு ஒரு ராஜா, ரோச்செஸ்டர் கோட்டைய வளைச்சிட்டாரு. உள்ள இருக்கவன் இறங்கி வரல. சுவத்து மூலைக்கு அடியில சுரங்கம் தோண்டி, மரத்த முட்டுக் கொடுத்து நிறுத்தினாவ. அப்ப ராஜா ஒரு ஓலை அனுப்புதாரு. நல்லாக் கொழுத்த பன்னி நாப்பது வேணும், சாப்பாட்டுக்கு ஆகாத பன்னியாப் பாத்து அனுப்புன்னு. அந்தக் கொழுப்ப வச்சுத் தீ மூட்டினாரு. முட்டு எரிஞ்சுது, மண்ணு இறங்குச்சு, கோபுரத்தோட ஒரு மூலை அப்படியே சரிஞ்சிருச்சு. ஊரே மெச்சின கல்லுக் கோட்டை, பன்னிக் கொழுப்புல போச்சு. திரும்பக் கட்டும்போது அந்த ஒரு மூலைய மட்டும் உருண்டையாக் கட்டினான். மூலைன்னு ஒண்ணு இருந்தாத்தானே அதைப் பாத்து நோண்டுவான்? இன்னைக்கும் போய்ப் பாத்தா மூணு மூலை சதுரம், ஒண்ணு உருண்டை. டூரிஸ்ட்டுக்காரன் அழகுக்குன்னு நினைச்சுப் படம் புடிப்பான்.

பொறவு கோட்டையச் சுத்தி இன்னொரு கோட்டை. வெளிச் சுவரு தாழ்ச்சி, உள்ளச் சுவரு உசரம். வெளிய ஏறி வந்தவன் ரெண்டு சுவத்துக்கு நடுவுல மாட்டிக்கிடுவான். எட்வர்டுன்னு ஒரு ராஜா வேல்ஸ் நாட்டுல பியூமாரிஸ்னு அப்படி ஒண்ண 1295-ல ஆரம்பிச்சாரு. கோட்டை சாஸ்திரத்துல அதுக்கு மேல லட்சணம் கிடையாதுங்கான். எல்லாம் இருந்துச்சு, துட்டுத்தான் இல்ல. மேஸ்திரி பணம் அனுப்புங்கன்னு எழுதி எழுதிக் கை ஓய்ஞ்சிட்டாரு. கோபுரம் பாதியில நிக்கி. எழுநூறு வருசத்துக்கு முந்தியே பில்டர் பாதியில விட்டிருக்கான் பாத்துக்க. உன் நோட்டீசுல "2029-ல சாவி"ன்னு போட்டிருக்கே, அதைப் படிச்சப்ப எனக்கு அந்த மேஸ்திரி ஞாபகந்தான் வந்துச்சு.

நம்ம ஆளுவ மட்டும் லேசுப்பட்டவங்களா? வள்ளுவர் அரணுக்குன்னு ஒரு அதிகாரமே ஒதுக்கியிருக்காரு. தண்ணி, வெட்டவெளி நிலம், மலை, காடு, இது நாலும் இருக்கணும்ங்காரு. அதுல ஒண்ணக்கூட கொத்தனார் செய்ய முடியாது. செஞ்சிக்கு ஒரு தடவ போய்ப் பாரு. மூணு மலை. மூணையும் சுவரு வச்சு ஒண்ணாக் கட்டிட்டான். ராஜகிரி உச்சி எண்ணூறு அடி இருக்கும். மலையே பாதிக் கோட்டை, மனுசன் மீதிய முடிச்சான். மேல சுனை இருக்கு, நெல்லுக் களஞ்சியம் இருக்கு. உச்சிக்குக் கொஞ்சம் கீழ ஒரு வெடிப்பு. அது மேல ஒரு பாலம். பாலத்தத் தூக்கிட்டா மேல இருக்கவன் ராஜா, கீழ இருக்கவன் கூஜா.

சிவாஜி மகாராஜா அதை 1677-ல புடிச்சாரு. அவரு மகன் ராஜாராம் அதுக்குள்ள உக்காந்துக்கிட்டு மொகலாயப் படைய 1690-லருந்து எட்டு வருசம் வெளியவே காய வச்சாரு. 1698-ல கோட்டை விழும்போது உள்ள போனவனுக்கு ராஜா கிடைக்கல. மனுசன் முன்னாலயே நழுவிட்டாரு. இந்தக் கோட்டையத்தான் 1750-ல பிரெஞ்சுக்காரன் ஒரே ராத்திரியில புடிச்சான். எட்டு வருசம் தாங்கினதும் அதே கல்லுதான், ஒரு ராத்திரியில போனதும் அதே கல்லுதான். வள்ளுவர் இதையும் கடைசிக் குறள்ல சொல்லிட்டாரு. உள்ள இருக்கவன் சோலி தெரிஞ்சவனா இல்லாட்டி எந்த அரணும் அரண் கிடையாதாம். இதை உன் நோட்டீசுல போடச் சொல்லு பாப்போம்.

நம்ம செஞ்சிய இங்க இருக்க ராய்கட், பிரதாப்கட், பன்ஹாலாவோட சேத்து 2025-ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏத்தியாச்சு. மொத்தம் பன்னிரண்டு கோட்டை. மகாராஷ்டிராவுல பதினொண்ணு, தமிழ்நாட்டுல இது ஒண்ணு. நாளைக்கு எவனாவது உன்னைய "மதராசி, இங்க உனக்கு என்ன?"ன்னு கேட்டா இந்தக் கணக்கச் சொல்லு. சொல்லிட்டு ஓடிரு.

வாசலப் பத்தி ஒரு வார்த்தை. அது என் டிபார்ட்மெண்டு. நம்ம நாட்டுல வாசல உடைக்கது யானை. அதனால கதவுல இரும்பு முள்ளு. புனேயில சனிவார் வாடாவுல டில்லி தர்வாஜாவைப் பாத்திருப்ப, ஒவ்வொரு முள்ளும் ஒரு கத்தி. அதுக்கும் மேல கெட்டிக்காரன் ராய்கட்டுல வாசல் வச்சவன். நேரா வந்தா வாசல் கண்ணுக்கே தெரியாது. ரெண்டு கொத்தளத்துக்கு நடுவுல வழி வளைஞ்சு போகும். யானை ஓடி வந்து முட்டணும்னா அதுக்கு நீளமா ஓட இடம் வேணும்லா? அதைக் கொடுக்கல. இரும்பு செலவு இல்லாம ஒரு வளைவுல யானைய ஜெயிச்சிட்டான். இது மூளை. உன் டவர் வாசல்லயும் ஒரு வளைவு இருக்கு. நடுவுல நீரூத்து வைக்கதுக்கு.

சரி, பீரங்கிக்கு வருவோம். அது வந்ததும் எல்லாக் கோட்டைக்காரனுக்கும் வயித்தக் கலக்கிருச்சு. 1453-ல துருக்கிக்காரன் கான்ஸ்டாண்டிநோபிள் சுவத்தப் பீரங்கிய வச்சே பொளந்தான். ஆயிரம் வருசம் நின்ன சுவரு. அதுக்குப் பொறவு உசரம் உதவாதுன்னு எல்லாருக்கும் உறைச்சுது. உசரமா நின்னா நல்ல குறி, அவ்வளவுதான். கோட்டை குட்டையாச்சு, தடியாச்சு. கல்லுக்குப் பின்னால மண்ணக் கொட்டினான். மூலையெல்லாம் கூர் கூரா நீட்டி, நட்சத்திரம் போட்டான். ஒரு கூருல நிக்கவன் அடுத்த கூருக்குக் காவல். யாரும் யாருக்கும் மறைவு இல்ல.

இந்த மண்ணு விசயத்த எங்க ஊர்க்காரன் யாருகிட்டயும் படிக்காமயே தெரிஞ்சு வச்சிருந்தான். பாஞ்சாலங்குறிச்சி. நீ சினிமாவுல சிவாஜி கணேசன் நின்ன அரண்மனைய நினைச்சுக்கிட்டு இருப்ப. அது இல்லலே. மண்ணுக் கோட்டை. சுத்தி முள்ளு வேலி. 1799 செப்டம்பர்ல மேஜர் பானர்மன் பீரங்கியோட வந்து முட்டிப் பாத்தான். மொத அடியில ஒண்ணும் நடக்கல. கல்லுச் சுவரா இருந்தா குண்டு பட்டு விரிசல் விடும். மண்ணு என்ன செய்யும்? சேத்துல எறிஞ்ச கல்லக் கணக்கா குண்ட உள்ள வாங்கிக்கிடும். கோட்டைய விட்டுக் கட்டபொம்மு வெளியேறின பொறவு அவரைப் புடிச்சுக் கயத்தாத்துல தூக்குல போட்டாவ. கோட்டைய இடிச்சுப் போட்டாவ.

கதை முடிஞ்சுதா? 1801 பிப்ரவரியில கட்டபொம்மு தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலருந்து தப்பிச்சு வந்தாரு. வெள்ளைக்காரன் பட்டாளத்தக் கூட்டிக்கிட்டு வாரதுக்குள்ள அதே எடத்துல கோட்டை திரும்ப நிக்கி! சில நாள்ல கட்டிட்டான். ஆர்க்கிடெக்ட் இல்ல, பூமி பூஜைக்கு மந்திரி இல்ல. ஊரே மண்ணு மிதிச்சுது. மார்ச் கடைசியில வெள்ளைக்காரத் தளபதி மெக்காலே முட்டிப் பாத்துத் திரும்பினான். இன்னும் ஆளும் பீரங்கியும் கொண்டாந்து மே 24-லதான் உள்ள போக முடிஞ்சுது. பொறவு கோட்டை இருந்த எடத்த உழுது ஆமணக்கு விதைச்சான்னு ஊர்ல சொல்லுவாவ. ஒரு மண்ணுச் சுவத்துக்கு அம்புட்டுப் பயம்! 1974-ல கவர்மெண்டு அங்கன ஒரு நினைவுக் கோட்டை கட்டிச்சு. நல்ல பவுசான கோட்டை. போட்டோ எடுத்துக்கலாம். ஊமைத்துரை அதைப் பாத்தா இது யாரு வீடுன்னு கேப்பாரு.

இப்ப பம்பாய்க் கோட்டைக்கு வருவோம். நீ தினமும் ஆபீசு போற எடம். ஃபோர்ட்டு ஃபோர்ட்டுங்கியே, கோட்டை எங்கலே? 1715-லருந்து சுத்திச் சுவரு எழுப்பினான். அப்பல்லோ கேட், சர்ச் கேட், பஜார் கேட்னு மூணு வாசல். மராத்தாப் பயம் முத்தினதும் சுத்தி அகழி வேற வெட்டினான். யாபாரிங்க கையிலருந்து துட்டு இறக்கினாவ. சுவத்துக்குள்ள கூட்டம் நெரிஞ்சுது, வீட்டு மேல வீடு, சாக்கடை நாத்தம். நூத்தம்பது வருசம் கழிச்சு எதிரியும் இல்ல, சுவத்தால காத்தும் இல்ல. 1860-கள்ல கவர்னர் பார்ட்டில் ஃபிரேரே ஆளு வச்சு இடிச்சுத் தள்ளிட்டாரு. சர்ச் கேட் நின்ன பக்கத்துல ஃபிளோரா ஃபவுண்டன் வந்துச்சு. இன்னைக்கும் நீ சர்ச்கேட்டுக்கு டிக்கெட் எடுக்க. போய் இறங்கினா கேட்டும் இல்ல, தட்டுதவனும் இல்ல. ஊரு பெருகினது சுவத்தக் கட்டினப்ப இல்ல பாத்துக்க, இடிச்சப்பதான்.

அந்தக் கோட்டைக்கு உள்ள இன்னொரு கோட்டை, பம்பாய் காசில். ஆதியில கார்சியா த ஓர்ட்டான்னு ஒரு போர்த்துகீசிய வைத்தியரு வீடு. நம்ம நாட்டு மருந்துச் செடியப் பத்திப் புஸ்தகம் எழுதின நல்ல மனுசன். அவரு வீட்டச் சுத்திக் கம்பெனிக்காரன் கொத்தளம் கட்டினான். 1689-ல ஜஞ்சிராவுலருந்து மொகலாயக் கப்பல்படைத் தலைவன் சித்தி யாகூத் கான் படையோட செவ்ரியில வந்து இறங்கினான். செவ்ரி போச்சு, மசகான் கோட்டை போச்சு, மாகிம் போச்சு. கம்பெனிக்காரன் காசிலுக்குள்ள ஒடுங்கிட்டான். வருசம் திரும்பியும் சித்தி நகரல. எப்படித் தப்பிச்சான் தெரியுமா? சுவத்தாலயா, பீரங்கியாலயா? டில்லி பாதுசா அவுரங்கசீப் கால்ல விழுந்து, ஒன்றரை லட்சம் ரூவா தண்டம் கட்டி, இனிமே ஒழுங்கா இருக்கேன்னு எழுதிக் கொடுத்தான். 1690 ஜூன்ல சித்தி போனான். போகும்போது மசகான் கோட்டைய இடிச்சிட்டுப் போனான்.

அதே காசில் இன்னைக்கு நம்ம கடற்படை கையில. பேரு ஐ.என்.எஸ். ஆங்கரே. ஆங்கரேன்னா யாரு? கனோஜி ஆங்கரே. இந்தக் கம்பெனிக்காரன் கப்பல மறிச்சு மறிச்சு அவனத் தூங்க விடாம அடிச்ச மராத்தாக் கடல் தளபதி. கடைசி வரைக்கும் அவர ஜெயிக்க முடியல. எந்த ஆளுக்குப் பயந்து பீரங்கி வச்சானோ, அதே ஆளு பேரு இப்ப வாசல்ல. நான் அந்தப் பக்கம் போனா ஒரு சலாம் வச்சிட்டுத்தான் வருவேன். வாசல்ல நிக்க ஜவான் அவனுக்குன்னு நினைச்சுக்கிடுவான்.

அப்ப, உன் நோட்டீசுல இருக்க கோட்டை எங்கருந்து வந்துச்சு? ராய்கட்டா? செஞ்சியா? சயானா? ஒண்ணும் இல்ல. ஜெர்மனியில பவேரியான்னு ஒரு நாடு. லுட்விக்குன்னு ஒரு ராஜா. 1869-ல மலை மேல நொய்ஷ்வான்ஸ்டைன்னு ஒண்ணக் கட்ட ஆரம்பிச்சாரு. பீரங்கி வந்து நானூறு வருசம் ஆச்சு, ரயில் ஓடுது. இவரு கூம்புக் கோபுரம் வச்சுக் கட்டுதாரு. படம் போட்டுக் கொடுத்தவன் யாரு? நாடகத்துக்கு சீன் வரையுத ஆளு! உள்ள பாத்தா குழாயில சுடுதண்ணி வருது. கடன் கழுத்துக்கு வந்துச்சு. 1886-ல ராஜா செத்தாரு. கொஞ்ச வாரத்துலயே டிக்கெட் போட்டு சனங்கள உள்ள விட்டுட்டான். பொறவு டிஸ்னிக்காரன் அதைப் பாத்து ஒண்ணு செஞ்சான். டிஸ்னிய உன் பில்டர் பாத்தான். பில்டர நீ பாத்த. ஒரு சண்டையும் பாக்காத கோட்டைக்குத்தாம்லே நீ அட்வான்ஸ் கட்டப் போற.

சரி, கட்டு. துட்டு உன்னுது. ஆனா என் பழைய கேள்விய உன்கிட்டயும் கேக்கேன். நீ எதுக்குப் பயந்து அங்க போற? கொள்ளைக்காரனா? அவன் இப்ப உன் போன்ல வாரான். சித்தி யாகூத்தா? அவன் சந்ததி எங்கேயோ. உன் டவர் மாதிரி ஒரு டவர் வாசல்ல நான் நின்னப்ப தடுத்ததெல்லாம் யாரத் தெரியுமா? சாப்பாடு கொண்டாந்த பையன. மழையில நனைஞ்சு வருவான். ஓ.டி.பி. சொல்லு, பேர எழுது, அந்தக் கடைசி லிஃப்ட்ல போ. அன்னைக்கு யானைய மறிக்க இரும்பு முள்ளு. இன்னைக்கு இட்லிய மறிக்க மெஷின்.

அந்த இட்லி எங்கருந்து வருது? விடியுமுன்ன தாராவியில நம்ம சனம் அவிச்சு, சைக்கிள்ல கட்டிக்கிட்டு ஊரு பூரா போகுது. பாத்திரம் தேய்க்கதுக்கு, துணி தேய்க்கதுக்கு, கார் கழுவுததுக்கு, எல்லாத்துக்கும் கேட்டுக்கு வெளிய இருந்துதான் ஆளு வரணும். 2020-ல லாக்டவுன் அன்னைக்கு கேட்ட இழுத்து மூடி, ஒருத்தரும் வரக் கூடாதுன்னாவ. வளைச்சு நிக்க எதிரி ஒருத்தனும் இல்ல, தானே தன்னை முற்றுகை போட்டுக்கிட்டான். ராஜாராம் எட்டு வருசம் தாங்கினாரு. டவர்க்காரன் பாத்திரம் தொட்டியில நிறைஞ்சதும் சொசைட்டி மீட்டிங் போட்டுட்டான்.

இந்த ஊர்ல நிசமான எதிரி வந்தப்ப நம்ம பெரியவங்க எப்படிக் கட்டினாவன்னு மாட்டுங்கா போய்ப் பாரு. 1896-ல பிளேக் வந்துச்சு. சனம் கொத்துக் கொத்தாச் செத்துச்சு. 1898-ல இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட்னு ஒண்ணு வச்சு, தாதர், மாட்டுங்காப் பக்கம் புதுசா ஊரு போட்டாவ. அகலத் தெரு, மரம், ரெண்டு மூணு மாடிக்கு மேல இல்லாத வீடு, வீட்டுக்கு வீடு எடைவெளி, எல்லா ரூமுக்கும் காத்து. ஃபைவ் கார்டன்ல காத்து வாங்கிக்கிட்டே நடந்து பாரு. எலிக்கும் சீக்குக்கும் எதிராக் கட்டின கோட்டைலே அது. ஒரு பல்லுச் சுவரு உண்டா? ஒரு சிங்கம் உண்டா? நூறு வருசமாச்சு, இன்னும் சோலி பாக்குது.

இப்ப உள்ள எதிரி யாருன்னு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். தண்ணி. 2005 ஜூலை 26, ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் மழை. மித்தி கரை புரண்டுச்சு. அப்ப நான் ஒரு பில்டிங் வாசல்ல நின்னேன். நாக்காவுல கழுத்தளவு தண்ணி, அதுல ஒரு ஃபிரிட்ஜு மிதந்து போச்சு, கதவு திறந்தபடியே. ஆங்கியர் கோட்டைய எங்க வச்சான்? குன்னு மேல. உன் பில்டர் மூணு அடுக்குப் பார்க்கிங்க எங்க வச்சிருக்கான்? பூமிக்குக் கீழ. கோட்டைக்கு வெளிய இருக்க வேண்டிய அகழிய உள்ள வெட்டி, அதுல உன் காரையும் நிறுத்தச் சொல்லுதான்.

அதனால ஒண்ணு செய். ஜனவரியில போய் வீடு பாக்காத. ஜனவரியில சேறு கூட லட்சணமாத்தான் இருக்கும். ஜூலையில போ, நல்லா அடிச்சுப் பெய்யுத நாளாப் பாத்து. சேம்பிள் ஃபிளாட்ட விட்டுட்டு நேராக் கீழ இறங்கு. பம்ப் எங்க, ஜெனரேட்டர் எங்கன்னு கேளு. ரெண்டும் கீழயே இருந்தா சிரிச்சுக்கிட்டே வெளிய வா. அடுத்து மோட்டார் நின்னா நாப்பதாவது மாடிக்குத் தண்ணி எப்படி ஏறும்னு கேளு. பொறவு உங்கம்மா ஊர்லருந்து கருவாட்டுப் பையோட வந்தா எந்த லிஃப்ட்டுன்னும் கேட்டு வச்சுக்க.

கடைசியா கேட்டுக்கு வந்து, அங்க நிக்க வாட்ச்மேன்கிட்ட மெல்லமாக் கேளு, "அண்ணே, உங்களுக்கு கக்கூஸ் எங்க இருக்கு?"ன்னு. நான் நின்ன ஒரு டவர்ல நீச்சல் குளம் ரெண்டு இருந்துச்சு, எங்களுக்கு ரோட்டத் தாண்டிப் போகணும். நான் அந்தப் பக்கம் போய் வாரதுக்குள்ள வாசல்ல எவன் நுழைஞ்சாலும் கேக்க ஆளு கிடையாது. அவன் என்ன சொல்லுதான்னு கேட்டுட்டு வா. அதுக்குப் பொறவு கையெழுத்துப் போடலாம்.